சாய்ந்த கோடுகள்

பதினோராயிரத்து நானூற்று முப்பது. சாக்பீஸ் என்று பேர் வாங்கியவன் ரெட்டை அண்ணனுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. வட்டி கிடையாது, தவணை கிடையாது, கைநாட்டு கிடையாது. ரெட்டையின் வீட்டுக் கதவுக்கு உட்புறம், நீலம் பூசிய சுவரில், சாக்பீஸே தன் கையால் எழுதிவைத்த ஐந்து எண்கள்தான் பத்திரம். எழுதிய அவசரத்தில் நாலு ஒன்பது மாதிரி விழுந்துவிட்டது. அழித்து மறுபடி எழுதினான்.

"மெதுவாப் போடு. சுவரு எங்கயும் ஓடிடாது" என்றார் ரெட்டை.

மகளுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கத்தான் அந்தக் கடன். பழுது பார்க்கிற கடையில் பன்னிரண்டாயிரம் சொன்னார்கள். சாக்பீஸிடம் இருந்தது ஐந்நூற்று எழுபது. மீதியை ரெட்டை எண்ணி வைத்தார். அவர் முதுகுத்தண்டு நொறுங்கியபோது கான்ட்ராக்டர் வாயை அடைக்கக் கொடுத்ததில் மிச்சம் இருந்த பணம் அது.

"என் முதுகை வித்த காசு. நாலு எழுத்து படிக்கிற புள்ளைக்குப் போகட்டும். இதை வச்சு நான் என்ன புது முதுகா வாங்கப் போறேன்?"

அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கீழே இறங்கியது.

இருவரும் சிமெண்டுக் கிடங்கில் லோடுமேன்கள். ஏழு பேர் கொண்ட செட்டு. நாளுக்கு மூன்று லாரி, லாரிக்கு முந்நூற்றைம்பது மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ. கூலி ஆளுக்கு இவ்வளவு என்று நாள் கணக்கு. ஒரு காலத்தில் ஒரே நடையில் இரண்டு மூட்டை சுமந்தவர் என்பதால் ரெட்டைக்கு அந்தப் பேர். இப்போது அவரால் ஒரு மூட்டையை நிமிர்த்தி வைக்கவும் முடியாது. வீடு இடிந்த பிறகும் வாசலில் கதவு எண் நிற்குமே, அந்த மாதிரி பேர் மட்டும் நின்றுவிட்டது.

சாக்பீஸுக்குப் பேர் கொடுத்தது கணக்குச் சுவர். கிடங்கு வாசலில் கறுப்புச் சாயம் அடித்த ஓர் ஆள் உயரச் சுவர். அதில் ஏழு பேருக்கும் ஏழு பத்தி. ஒருவன் மூட்டையோடு சுவரைத் தாண்டினால் அவன் பத்தியில் ஒரு கோடு. பத்துக் கோட்டுக்கு ஒரு வரிசை. ஒருவனைவிட ஒருவன் அதிகம் சுமந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கோடு போடுகிறவன் சும்மா நிற்க முடியாது. அவனும் சுமப்பான், திரும்பி வருகிற வெறும் நடையில் கோடுகளைப் போடுவான். யார் யார் தாண்டினார்கள் என்பது காதிலேயே இருக்கும். சிமெண்டுத் தூளில் ஒவ்வொருவன் கால் தேய்கிற சத்தமும் ஒவ்வொரு விதம். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து மொத்தத்தைக் குறித்துக்கொண்டதும் ஒரு வாளித் தண்ணீரை விசிறினால் சுவர் மறுநாளுக்குத் தயார்.

செட்டுக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. எவனுக்காவது காய்ச்சல், சுளுக்கு என்றால் அன்றைக்கு அவன் சும்மா இருப்பான். மற்ற ஆறு பேரும் அவன் பங்கையும் சுமப்பார்கள், கோடு அவன் பத்தியில் விழும். அப்படிக் கொடுத்த கோட்டைச் சற்றே சாய்த்துப் போட வேண்டும். நூல் அளவு சாய்வுதான். செட்டு ஆளுக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியாது. உடம்பு தேறி வந்தவன் சாய்ந்த கோடுகளை எண்ணித் திருப்பிச் சுமக்க வேண்டும். அது கடன்.

ரெட்டைக்கு முதுகு போன புதிதில் அப்படித்தான் எண்ணினார்கள். ஒரு வாரம் எண்ணினார்கள், இரண்டு வாரம் எண்ணினார்கள். பிறகு எண்ணுவது நின்றுபோயிற்று. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை. சாப்பிடுகிறவன் இலையில் இருப்பதை எண்ணிப் பார்ப்பார்களா, அந்தக் கூச்சம். இரண்டு வருடமாக அவர் லாரியின் மேல் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம், இன்னும் தள்ளி" என்று குரல் கொடுத்துக்கொண்டு நின்றார். ஏழாவது பத்தியில் நாள்தோறும் நூற்றைம்பது கோடு. நூற்றைம்பதும் சாய்ந்த கோடு.

எண்ணுவதை விட்ட பிறகு நேராகவே போட்டிருக்கலாம். சாக்பீஸுக்குக் கை வரவில்லை. சுமக்காத மூட்டைக்கு நேர்க்கோடு போட்டால் அது பொய் இல்லையா? ஆபீஸை ஏமாற்றலாம், சுவரை ஏமாற்றக் கூடாது என்பது அவன் கட்சி.

அவன் மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவள் புத்தகத்தை வைத்துத்தான் அவனும் எழுத்துக் கூட்டப் பழகினான். அவள் பதினொன்றுக்கு வந்துவிட்டாள். அவன் இன்னும் ஒன்றிலேயே இருந்தான்.

பள்ளி மாணவர்களுக்கான கம்ப்யூட்டர் போட்டிக்கு அவளுடைய மிஸ் பேர் கொடுத்திருந்தார்கள். லேப்டாப் வந்த அன்று அவள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாரும் தானாத் தொறக்குற குப்பைத்தொட்டி செய்றாங்கப்பா. போன வருசம் மட்டும் பதினாறு தொட்டி வந்துச்சாம். ஜட்ஜுங்களுக்குக் கை நீட்டி நீட்டி வலியே வந்துருச்சாம்."

"அப்ப நீ குப்பையைச் செஞ்சு எடுத்துட்டுப் போ. பதினாறு தொட்டிக்கும் வேணும்ல?"

"விளையாடாதீங்கப்பா. நம்மளச் சுத்தி இருக்குற ஒரு பிரச்சனையை எடுக்கணும். நிஜக் கணக்கு சேக்கணும். அதுக்கு ஒரு புரோகிராம் எழுதணும். நான் உங்க முதுகை எடுத்துக்கப் போறேன்."

"எடுத்துக்க. எனக்கே அது பாரமாத்தான் இருக்கு."

அவள் திட்டம் இதுதான். ஒவ்வொரு லாரி நிரம்பியதும் அப்பா தன் போனில் சுவரைப் படம் பிடிக்க வேண்டும். அவள் எழுதுகிற புரோகிராம் படத்தைப் பார்த்துக் கோடுகளைத் தானே எண்ணும். எந்த நேரத்தில் ஆட்கள் தளர்கிறார்கள், எப்போது எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் முதுகு தப்பும் என்று சொல்லும். ரெட்டைப் பெரியப்பாவுக்கு வந்தது இன்னொருவருக்கு வரக் கூடாது. இதை அவள் சொன்னபோது சாக்பீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினான்.

அறுபத்தொரு நாள் படம் பிடித்தான். சூப்பர்வைசர் ஒருமுறை, "என்ன, சுவரோட கல்யாணமா? தினம் போட்டோ எடுக்குற?" என்றான். "புள்ளையோட பள்ளிக்கூட வேலை சார்" என்றதும் போய்விட்டான்.

பத்து நாள் படங்கள் போன பிறகு, ஒரு சாயங்காலம் அவள் கேட்டாள்.

"அப்பா, கடைசிப் பத்தியை மட்டும் இது சரியா எண்ண மாட்டேங்குது. கோடெல்லாம் லேசாச் சாய்ஞ்சிருக்கு. ஏன்?"

அந்த இடத்தில் சாக்பீஸ், "கை அசந்துருச்சு" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனுக்குப் பெருமை வந்துவிட்டது. மகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவனிடம் அதுவரை எதுவுமே இருந்ததில்லை. கோடு எப்படி, சாய்வு எப்படி, காய்ச்சல்காரன் எப்படித் திருப்பிச் சுமப்பான், ரெட்டை அண்ணனுக்கு மட்டும் ஏன் எண்ணுவதில்லை, எல்லாவற்றையும் சொன்னான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நோட்டில் எழுதுவதைப் பற்றி அவனுக்குப் பயமே வரவில்லை. அவன் பார்த்தவரை பள்ளிக்கூட நோட்டுகள் வருடக் கடைசியில் எடைக்குத்தான் போகும்.

அடுத்த வாரம் அவள் திரையைக் காட்டினாள். நேர்க்கோடுகளின் மேல் பச்சைப் புள்ளி, சாய்ந்த கோடுகளின் மேல் சிவப்புப் புள்ளி.

"மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத சாய்வுன்னீங்களே, இதுக்குத் தெரியுது பாருங்கப்பா!"

இதை வெளியே காட்ட வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். ஆனால் அவள் முகம் இருந்த இருப்பில் வாயைத் திறக்க முடியவில்லை.

போட்டி ஒரு பெரிய பள்ளியின் கூடத்தில் நடந்தது. சனிக்கிழமை. சாக்பீஸ் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நகத்துக்குள் இருந்த சிமெண்டு மட்டும் போகவில்லை. கூடம் முழுக்க மேசைகள், கம்பிகள், மினுக்கும் விளக்குகள். ஒரு குப்பைத்தொட்டி அவனைக் கண்டதும் வாயைத் திறந்தது. "ஏமாந்துட்ட போ, என்கிட்ட ஒண்ணுமில்ல" என்று அதனிடம் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

மேடைக்குப் பின்னால் பரிசுக்குப் பணம் கொடுத்தவர்களின் பேர்களைப் பெரிய துணியில் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் மெதுவாக எழுத்துக் கூட்டத் தொடங்கினான். மூன்றாவது பேருக்கு எழுத்துக் கூட்டத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தது. அந்த முத்திரையைப் பதினாறு வருடமாக அவன் தலையில் சுமக்கிறான்.

அவசரமாக மகளின் மேசையைத் தேடிப் போனான். அவளுக்குப் பின்னால், பலகையில் ஒட்டிய பெரிய தாளில், ஏழு பத்திகள். ஆறு பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்புக்குக் கீழே கொட்டை எழுத்து. விரலை வைத்துக்கொண்டு படித்தான்.

ஏ... ழா... வ... து... ஆள். அதற்குக் கீழே: ஒரு மூட்டையும் சுமப்பதில்லை. மற்ற ஆறு பேர் அவருக்காகச் சுமக்கிறார்கள். அறுபத்தொரு நாள், ஒன்பதாயிரத்து நூற்றைம்பது சாய்ந்த கோடுகள்.

"இதை எடுத்துரு" என்றான்.

"ஏம்ப்பா? இதுதான் இருக்குறதுலயே நல்லா இருக்குன்னு மிஸ் சொன்னாங்க. மனசைத் தொடுதுன்னாங்க."

"மனசைத் தொடும்மா. அப்படியே வயித்தையும் தொடும். அந்தத் துணியில யார் பேர் இருக்குன்னு பாரு."

அவள் பார்த்தாள். மூட்டைகளின் மேல் அந்த முத்திரையை நூறு படத்தில் பார்த்தவள்தான். தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மிஸ் நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதற்குள் நடுவர்கள் மூன்று பேர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கல்லூரிப் பேராசிரியை. ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். மூன்றாவது ஆள், மாதம் ஒருமுறை கிடங்குக்கு வந்து மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நடந்துவிட்டுப் போகிற மேனேஜர்.

சாக்பீஸ் செய்யத் தெரிந்ததைச் செய்தான். போய்ப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அகலமான முதுகு; ஏழாவது பத்தி அதற்குள் அடங்கியது.

"ஐயா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க" என்றார் பேராசிரியை.

"கால் மரத்துப் போச்சுங்க அம்மா. இப்படியே பாத்துட்டுப் போயிடுங்களேன்."

"நீ நம்ம கிடங்கு ஆளுதானே?" என்றார் மேனேஜர். "இது உன் பொண்ணா? அட, பரவாயில்லையே! தள்ளு, பாப்போம்."

பதினாறு வருடமாக அந்தக் குரல் தள்ளு என்றால் தள்ளியே பழகிய உடம்பு. மனசு வேண்டாம் என்பதற்குள் கால் நகர்ந்துவிட்டது.

அவள் பேசினாள். ஓய்வைப் பற்றிப் பேசினாள், முதுகைப் பற்றிப் பேசினாள், ஐம்பது மூட்டைக்கு ஒருமுறை நாலு நிமிடம் உட்கார்ந்தால் மூன்றாவது லாரி சீக்கிரம் நிரம்புகிறது என்றாள். ஏழாவது பத்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் புரோகிராம் அவள் பேச்சைக் கேட்டா நடக்கிறது? எழுதிக் கொடுத்தபடி அது திரையில் காட்டியது. நேர்: 900. சாய்வு: 150.

"இந்தச் சாய்வு என்னம்மா?" பேராசிரியை கேட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்; ஆட்டியது தெரியக் கூடாது என்று பிடரியைச் சொறிந்தான்.

"அது... கேமரா கோணம் மேடம். படம் எடுக்கும்போது சாய்ஞ்சிருச்சு. புரோகிராம் தப்பாக் காட்டுது."

"அப்படியா? கேமரா சாய்ஞ்சா எல்லாப் பத்தியும்தானே சாயும்? நூத்தைம்பதும் ஒரே பத்தியில இருக்கே?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு நல்ல புதிர் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டார். "தாள்ல வேற மாதிரி எழுதியிருக்கியே?"

மகளின் நகம் தாளின் ஓரத்தை மறுபடி சுரண்டியது.

மேனேஜர் தாளின் அருகே குனிந்து, கொட்டை எழுத்தை நிதானமாக வாசித்தார். பிறகு போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். பத்தி முழுதும் அடங்குகிற மாதிரி, நேராக, சாயாமல்.

"நல்லா செஞ்சிருக்கம்மா. எங்க சூப்பர்வைசருக்குச் சம்பளம் குடுத்து வச்சும் தெரியாததை நீ சும்மாவே கண்டுபிடிச்சிட்ட."

இரண்டாம் பரிசு வந்தது. பதினைந்தாயிரம், காசோலை பின்னால் வரும் என்றார்கள். முதல் பரிசு ஏன் கிடைக்கவில்லை என்று பேராசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன் கணக்கு உண்மையா இருந்துச்சும்மா. நீதான் அதைப் பொய்னு சொல்லிட்ட."

பேருந்தில் அவள் சான்றிதழைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் பொய் சொன்னேன்பா."

"சொன்ன. ஆனா சொல்லத் தெரியல. வளத்தவன் சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை ரெட்டையிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினான். அவர் தெருமுனை வரைக்கும் போனான். முனையில் ஒரு சைக்கிள் கடை. அங்கே யாரோ ஒருவன் சக்கரத்தில் காற்று அடிப்பதை, தன் சைக்கிள் மாதிரி, அடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்துவிட்டான்.

திங்கட்கிழமை முதல் லாரி வந்து நின்றபோது மேனேஜரின் காரும் வந்து நின்றது. கைக்குட்டை இல்லை. செட்டை வரிசையாக நிற்கவைத்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட ஒருவிதத்தில் தேவலை.

"ஏழு பேருக்குக் கூலி போகுது. எத்தனை பேர் சுமக்கிறீங்க?"

வரிசையில் எல்லாக் கண்ணும் சுவர் பக்கம் போனது.

"பெரியவரே, நீங்க வாங்க." ரெட்டையைப் பார்த்துத்தான். "ஒரு மூட்டை. ஒண்ணே ஒண்ணு. இங்கேருந்து லாரி வரைக்கும். நீங்க தூக்கிட்டா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுறேன்."

ரெட்டை தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினார். அடுக்கின் அருகே போனார். குனிந்து மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று சாக்பீஸுக்குத் தெரியாது. மூட்டை ஒரு விரற்கடை எழும்பியதா, அல்லது தூசிதான் எழும்பியதா, அதுவும் தெரியாது. பிறகு ரெட்டை காதுகளை விட்டார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எலும்பாக எண்ணி அடுக்குகிற மாதிரி நிமிர்ந்தார். வேலை முடிந்தவர் போல இரண்டு கையையும் தட்டித் தூசியை உதறினார். யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டி நடந்தார்.

சாக்பீஸின் கையில் சாக்பீஸ் இருந்தது. போடுவதற்குக் கோடு இல்லை.

இனி செட்டுக்கு ஆறு பேர். இரண்டு வருடம் வாங்கிய கூலி பொய்க் கூலி என்று எழுதி, ரெட்டைக்குச் சேர வேண்டிய கடைசிப் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஐம்பது மூட்டைக்கு நாலு நிமிட ஓய்வு பற்றி எழுதியிருந்த தாளை மேனேஜர் எங்கே வைத்தாரோ. அதைப் பற்றி எவரும் பேசவில்லை.

செட்டில் சாக்பீஸை யாரும் திட்டவில்லை. ரேடியோ என்று ஒருவன், நாளெல்லாம் வாய் மூடாதவன், மூன்றாம் நாள் மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னான்:

"உன் பொண்ணு கெட்டிக்காரிப்பா, சாக்பீஸு. பள்ளிக்கூடத்துல பாடத்தைத்தான் படிப்பாங்க. அவ நம்மளையே படிச்சிட்டா."

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ரேடியோ ஒரு வாரத்துக்குப் பேசவில்லை.

வீட்டில் லேப்டாப் ஒரு துண்டுக்குள் சுற்றி அலமாரியின் மேல் கிடந்தது. மிஸ் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள், அடுத்த கட்டப் போட்டிக்குப் பேர் கொடுக்கச் சொல்லி. அவள் காய்ச்சல் என்றாள். இப்போது கொஞ்சம் நன்றாகவே பொய் சொன்னாள்.

நாலாவது வாரம் காசோலை வந்து, பணமாக மாறியது. தையல் ஆலையிலிருந்து வந்த மனைவி பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "மொதல்ல அந்தக் கடனை அடைச்சிட்டு வாங்க. எனக்கு அந்தத் தெரு வழியா நடக்க முடியல."

பதினோராயிரத்து நானூற்று முப்பதை எண்ணி ஓர் உறையில் போட்டுக்கொண்டான். மகளும் கிளம்பினாள். வேண்டாம் என்றான். "வேலையைச் செஞ்சது நான்தானே" என்று செருப்பை மாட்டினாள்.

மத்தியான வெயில். ரெட்டையின் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க. இன்னைக்கு எதைப் போட்டோ புடிக்க வந்தீங்க?"

"யாரது? உள்ள வரச் சொல்லு" என்றது குரல்.

ரெட்டை தரையில் பலகை போட்டுப் படுத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மகளைப் பார்த்து, "வாம்மா. ஜெயிச்சியாமே" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று சாக்பீஸ் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

உறையை அவர் பக்கத்தில் வைத்தான். "அண்ணே. கடன்."

ரெட்டை உறையைத் தொடவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கோடெல்லாம் எண்ணினியே. அதுல உங்கப்பா எனக்காகச் சுமந்தது எத்தனை?"

"பெரியப்பா..."

"சொல்லு. ஊருக்கே தாள்ல ஒட்டிக் காட்டினது. எனக்குச் சொன்னா என்ன?"

"ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூத்து இருபத்தஞ்சு. அறுபத்தொரு நாளுக்கு."

"ரெண்டு வருசத்துக்கு?"

"படம் இல்ல பெரியப்பா."

"சுமாராச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பதினஞ்சாயிரம் இருக்கும்."

"மூட்டைக்குக் கூலி மூணு விழுது. அப்ப நாப்பத்தஞ்சாயிரம். உங்கப்பா ஒருத்தனுக்கு மட்டும்."

"விடுண்ணே" என்றான் சாக்பீஸ். "யாரு எண்ணினா அதை? நாங்க எண்ணவே இல்லையே."

"நீங்க எண்ணல. அதனாலதான் ரெண்டு வருசம் எனக்குச் சோறு இறங்குச்சு." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, லாரி மேல் நின்று பக்கம் சொல்கிற குரலில் பேசினார். "இப்ப எண்ணியாச்சு. சாய்ஞ்ச கோட்டைத் திருப்பிச் சுமக்கணும்ல? அதுதானே வழக்கம். என்னால ஆகாது. அதனால உன் கடனை அதுல கழிச்சுக்க. மீதிக்கு நான் பொறுப்பு."

"வாடகை ரெண்டு மாசம் நிக்குது" என்றாள் மனைவி, கதவோரத்திலிருந்து. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நிக்கட்டும். நான்தான் நிக்க முடியாம கெடக்கேன், அதாவது நிக்கட்டும்."

"அண்ணே, எடுத்துக்கண்ணே. கால்ல வேணா விழுறேன்."

"விழாத. ரெண்டு பேரும் விழுந்துட்டா தூக்க ஆளில்ல." கையை நீட்டினார். "என்னைப் புடி. சாக்பீஸைக் குடு."

சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். கொடுத்தான். அவனும் மகளும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி, கதவருகே கொண்டுபோனார்கள். உடம்பில் கனமே இல்லை. இரண்டு மூட்டை சுமந்த உடம்பு அரை மூட்டை இருக்காது.

சுவரில் ஐந்து எண்களும் அப்படியே இருந்தன. திருத்தி எழுதிய நாலுக்குப் பின்னால் பழைய எண்ணின் வெள்ளை இன்னும் மங்கலாகத் தெரிந்தது. ரெட்டையின் கை தோளுக்கு மேலே எழவில்லை. எண்களுக்கு அடியில் சாக்பீஸை ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக, அவற்றை அடிக்கிற ஒரே கோடாக இழுத்தார்.

கோடு நூல் அளவு சாய்ந்திருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெட்டை மீதித் துண்டை அவன் பையில் போட்டார். உறையை எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"தீந்துச்சு" என்றார். "என்னைப் படுக்கவச்சிட்டுக் கிளம்புங்க."